நோயுற்ற உறவைப் பராமரிக்கப் பிரித்தானியாவில் தங்க அனுமதி: முழுமையான வழிகாட்டி

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அல்லது அப்பாவுக்குப் பக்கவாதம். லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ இரவில் ஒரு போன் போகிறது: "நீ வந்து கொஞ்ச நாள் நின்றால்தான் சரிவரும்." மகளோ மகனோ விசிட் விசாவில் வந்து சேர்கிறார். ஐந்தாம் மாதம் முடிகிறது, நோயாளி இன்னும் கட்டிலில்தான். அப்போது வீட்டில் ஒருவர் கேட்பார்: "கேரர் விசா என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் போட்டால் என்ன?"

அப்படி ஒரு விசா இல்லை. பிரித்தானியக் குடிவரவு விதிகளில், சொந்தக்காரரைப் பராமரிக்க வருபவருக்கென்று தனி வகுப்புக் கிடையாது. இருப்பது, விதிகளுக்கு வெளியே, தன் விருப்புரிமையைக் கொண்டு ஹோம் ஆபிஸ் (பிரித்தானிய உள்துறை அமைச்சு) கொடுக்கக்கூடிய ஒரு குறுகிய கால அனுமதி. அது உரிமை அல்ல, கேட்டுப் பெறும் சலுகை. இந்த வேறுபாடு மனதில் பதிந்தால்தான் மீதி எல்லாம் விளங்கும். உரிமை என்றால் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் போதும். சலுகை என்றால், கோப்பைத் திறக்கும் அதிகாரி தன் மனதுக்குள் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும்.

ஹோம் ஆபிஸ் தன் அதிகாரிகளுக்கு எழுதிய உள்வழிகாட்டிகளில் 'பராமரிப்பாளர்கள்' என்றொரு பகுதி நெடுங்காலம் இருந்தது. அதன் சாரம் இது. நோயுற்ற உறவினரைப் பார்க்க முதலில் 3 மாதம் கொடுக்கலாம். அந்த 3 மாதத்துக்குள், குடிவரவுக் கட்டுப்பாடு இல்லாத வேறொருவர் பராமரிப்பைப் பொறுப்பேற்க ஏற்பாடு செய்துவிட வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால், மனதை உலுக்கும் அளவுக்கு விதிவிலக்கான சூழல் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினாலும் ஒரு தடவைக்கு 12 மாதம் வரைதான். நோயாளி நண்பர் என்றால் பொதுவாக மறுப்பு. இன்று இத்தகைய விண்ணப்பங்கள் விதிகளுக்கு வெளியேயான அனுமதி என்ற பொதுத் தலைப்பின் கீழ்தான் போகின்றன. ஆனால் அந்தப் பழைய கணக்கு அதிகாரிகளின் தலையை விட்டுப் போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. 'நான் போக வேண்டிய நாள் வருமுன் எப்படி மாற்று ஏற்பாடு செய்வோம்' என்று எழுதும் விண்ணப்பத்தை அதிகாரி படிப்பார். 'அம்மா இருக்கும்வரை நான் இருக்க வேண்டும்' என்று எழுதினால் அந்த வரியோடு முடிந்தது.

முதல் படி: உங்களுக்கு உண்மையில் எந்த வழி?

ஆட்கள் தவறான கதவைத் தட்டுவது இந்த இடத்தில்தான், அதனால் சற்று நின்று பார்ப்போம்.

நோயாளி இலங்கையிலோ இந்தியாவிலோ இருக்கிறார், அவரை இங்கே கொண்டுவந்து பார்க்க நினைக்கிறீர்களா? அது வேறு விஷயம். வயதுவந்த சார்ந்திருக்கும் உறவினர் வழி என்று அதற்குப் பெயர். 2012 ஜூலை 9 முதல் அந்த விதிகள் மிகக் கடுமையாகிவிட்டன. அன்றாட வேலைகளுக்கே நீண்டகாலம் இன்னொருவர் கை தேவை, அந்தப் பராமரிப்பு அங்கே கிடைக்காது, அல்லது இங்கிருந்து எவ்வளவு பணம் அனுப்பினாலும் அங்கே வாங்க முடியாது என்று நிரூபிக்க வேண்டும். கொழும்பிலும் சென்னையிலும் வீட்டுத் தாதிகளும் முதியோர் இல்லங்களும் இருக்கும்போது அந்தக் கடைசி நிபந்தனையில்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். விண்ணப்பம் வெளிநாட்டிலிருந்து போக வேண்டும். 2025 ஏப்ரல் நிலவரப்படி அதன் கட்டணம் மட்டும் 3,413 பவுண்ஸ்.

'கேர் விசா' என்று ஏஜென்டுகள் விற்றது பராமரிப்பு நிறுவனங்களில் வேலை செய்வதற்கான விசா. சொந்த அம்மாவைப் பார்ப்பதற்கு அது ஒருபோதும் வழியாக இருந்ததில்லை. 2024 மார்ச் 11 முதல் அதில் குடும்பத்தைக் கூட்டிவர முடியாமல் போனது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் நின்றுவிட்டது. இன்றைக்கும் யாராவது அதைச் சொல்லிக் காசு கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

'சாம்பிரானோ' என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். பிரித்தானியக் குடியுரிமையுள்ள ஒருவரின் முதன்மைப் பராமரிப்பாளருக்கான உரிமை அது. 2011 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்த வழக்கின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. நோயுற்ற பிரித்தானியப் பெற்றோரைப் பார்க்கும் மகன் ஒருவர் அதைக் கேட்டுப் போனபோது, வயதுவந்தவர்கள் விஷயத்தில் இது மிக அபூர்வமாகவே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது. புதிய விண்ணப்பங்களுக்கு அந்த வழி 2023 ஆகஸ்ட் 8-இல் மூடப்பட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு நம்பிக்கை வளர்க்க வேண்டாம்.

நோயாளி பிரித்தானியக் குழந்தை, பராமரிப்பவர் அதன் தாயோ தந்தையோ என்றால், பெற்றோர் வழி என்று தனி விதி இருக்கிறது. அதைச் சட்டத்தரணியிடம் முதலில் கேளுங்கள். இந்த வழிகாட்டி உங்களுக்கானது அல்ல.

மீதிப் பேருக்கு, அதாவது இங்கே சட்டபூர்வமாக வாழும் நோயாளியை வெளிநாட்டிலிருந்து வந்த மகளோ மகனோ சகோதரியோ பார்க்கும் குடும்பங்களுக்கு, பாதை இரண்டு கட்டம்: ஆறு மாத விசிட் விசா, அது போதாவிட்டால் உள்ளிருந்து விதிகளுக்கு வெளியேயான விண்ணப்பம்.

இரண்டாம் படி: விசிட் விசாவில் உண்மையைச் சொல்லுங்கள்

இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்கும் விசா வேண்டும். ஆறு மாத விசிட் விசாவுக்கு 2025 ஏப்ரலில் 127 பவுண்ஸாக இருந்தது. ஏப்ரலில் ஏறும் வழக்கம் இருப்பதால் விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'நோயாளியைப் பார்க்கிறேன் என்று எழுதினால் விசா தரமாட்டார்கள், லண்டன் சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று எழுது' என்று அறிவுரை சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார். அவருடைய பேச்சைக் கேட்காதீர்கள். குடும்பத்தாரைப் பார்க்க வருவது விசிட் விதிகளில் அனுமதிக்கப்பட்ட நோக்கம். வந்த இடத்தில், சம்பளம் இல்லாமல், உங்கள் தாய்க்குக் குளிக்க வார்ப்பதும் மருந்து கொடுப்பதும் வேலை பார்ப்பதாகாது. சம்பளம் வாங்கினால் அது வேலை. சுற்றுலா என்று எழுதிவிட்டு வந்து, ஐந்து மாதம் கழித்து அம்மாவின் நோயைக் காட்டி நீட்டிப்புக் கேட்டால், அதிகாரி முதலில் எடுப்பது அந்தப் பழைய படிவத்தைத்தான். பொய் சொன்னதாக முடிவு செய்தால் 10 ஆண்டு தடை வரை போகலாம்.

விசிட் விண்ணப்பத்தில் நோயாளியின் நிலை பற்றிய கடிதம், நீங்கள் திரும்பிப் போகக் காரணமாக ஊரில் இருப்பவை (வேலையிலிருந்து விடுப்புக் கடிதம், பிள்ளைகளின் பள்ளி, கணவரின் வேலை), இங்கே செலவை யார் ஏற்பது ஆகியவற்றை வையுங்கள். திரும்பத் திரும்ப வந்து இங்கேயே வாழ்கிற மாதிரித் தெரிந்தாலும் மறுப்பார்கள்.

இன்னொன்று: விசிட்டராக இருக்கும் உங்களுக்கே நோய் வந்தால், ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு அதன் செலவில் ஒன்றரை மடங்கு அறவிடுவார்கள். 500 பவுண்ஸுக்கு மேல் கட்டாமல் விட்டால் அடுத்த விசாவுக்கு அதுவே மறுப்புக் காரணமாகலாம். பயணக் காப்புறுதி எடுக்காமல் வராதீர்கள்.

மூன்றாம் படி: நோயாளிக்குத் தேவை என்ன, யாரால் முடியாது

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது, நாங்கள் முதலில் எழுதிய கடிதம் மூன்று பக்கம். அம்மா எங்களை எப்படி வளர்த்தா, அக்கா எவ்வளவு பாசம், தமிழ்க் குடும்பங்களில் பெற்றோரைக் கைவிடுவதில்லை. எங்கள் சட்டத்தரணி பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "இரவு இரண்டு மணிக்கு அம்மாவைக் கழிப்பறைக்குத் தூக்குவது யார்?" அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

ஆகவே பாசத்தை ஒரு வரியில் முடியுங்கள். ஒரு கொப்பியை எடுத்து, ஏழு நாளும் இருபத்து நான்கு மணி நேரமும் என்ன நடக்கிறது என்று நேரம் போட்டு எழுதுங்கள். 2.10-க்கு எழுந்தார், 2.40-க்குப் படுக்கை மாற்றியது, 6-க்கு இன்சுலின், 6.30-க்கு விழப்பார்த்தார். இந்த ஏழு நாள் குறிப்பு, பத்துக் கடிதங்களை விடக் கனம். கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) அனுப்பும் பராமரிப்பாளர் ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து போனாலும், இரவில் யாரும் இல்லை என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது கஷ்டமான பகுதி. நோயாளிக்கு இந்த நாட்டில் வேறு பிள்ளைகள், சகோதரங்கள், மருமக்கள் இருந்தால், அதிகாரியின் முதல் கேள்வியே அவர்களைப் பற்றியது. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்திட்டு, தன்னால் என்ன முடியும், என்ன முடியாது என்று எழுத வேண்டும். ஹாரோவில் இருக்கும் மகன் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை, அதற்கு வேலை அட்டவணையும் சம்பளச் சீட்டும். மருமகளுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை, அதற்குப் பிறப்புச் சான்று. லீட்ஸில் இருக்கும் மகள் வார இறுதியில் மட்டும் வர முடியும், அதற்கு ரயில் டிக்கெட் இருந்தால் அதுவும்.

எங்கள் ஆட்கள் இதை எழுதத் தயங்குவார்கள். 'பெற்ற தாயைப் பார்க்க முடியாது' என்று கையெழுத்துப் போடுவது மானப் பிரச்சினை மாதிரித் தெரியும். என் அண்ணா இரண்டு வாரம் இழுத்தடித்தார். பார்க்கமாட்டேன் என்று எழுதச் சொல்லவில்லை, திங்கள் முதல் சனி வரை இரவு 10 முதல் காலை 6 வரை வேலையில் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள் என்று சொன்ன பிறகுதான் பேனையை எடுத்தார். தயங்கும் எவருக்கும் அப்படியே சொல்லிப் பாருங்கள்.

நான்காம் படி: வைத்தியரின் கடிதம்

முழு விண்ணப்பமும் இதன் தோளில்தான் நிற்கிறது. ஜிபி, அதாவது குடும்ப வைத்தியர், எழுதுவதை விட, அந்த நோயைப் பார்க்கும் ஆஸ்பத்திரி கன்சல்டன்ட், அதாவது நிபுணர், எழுதுவது பலம். எங்களுக்கு முதலில் கிடைத்த கடிதம் மூன்று வரி. கடைசி வரி: மகள் இன்னும் சில காலம் இருந்தால் நோயாளிக்கு நன்மையாக இருக்கும். அதிகாரிக்கு இந்த வரியால் ஒரு பயனும் இல்லை. எந்த நோயாளிக்குத்தான் மகள் அருகில் இருப்பது நன்மை இல்லை?

வைத்தியர்கள் கெட்டவர்கள் இல்லை. என்ன எழுத வேண்டும் என்று நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் இந்தக் கேள்விகளை எழுதி, வைத்தியரின் செயலாளரிடம் கொடுங்கள்:

நோயின் பெயர் என்ன, எப்போது கண்டுபிடிக்கப்பட்டது? இப்போது என்ன சிகிச்சை, எதுவரை? எந்தெந்த அன்றாட வேலைகளுக்கு இன்னொருவர் உதவி கட்டாயம்? இரவிலும் ஆள் தேவையா? முன்னேற்றமோ பின்னடைவோ எவ்வளவு காலத்தில் எதிர்பார்க்கப்படுகிறது? இப்போது பார்க்கும் உறவினர் இரண்டு வாரத்தில் போய்விட்டால், நோயாளிக்கு மருத்துவ ரீதியில் என்ன ஆகும்?

கடைசி இரண்டும்தான் முக்கியம். காலம் பற்றிய பதில் இல்லாவிட்டால், அதிகாரி எத்தனை மாதம் கொடுப்பது என்று முடிவு செய்ய வழி இல்லை. முடிவு செய்ய வழி இல்லாதபோது மறுப்பது சுலபம். கீமோ ஆறு சுற்று, ஒக்டோபரில் முடியும், அதன் பிறகு எட்டு வாரம் தேறும் காலம் என்று ஒரு கடிதம் சொன்னால், உங்கள் கோரிக்கைக்குத் தானாகவே ஒரு முடிவுத் தேதி வந்துவிடுகிறது.

வாழ்நாள் குறுகிவிட்ட நோயாளி என்றால், எஸ்ஆர்1 என்றொரு படிவம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கலாம். 12 மாதத்துக்குள் மரணம் நேரக்கூடும் என்று மருத்துவர் கருதினால், உதவித்தொகையை விரைவாக வாங்க அதைக் கொடுப்பார்கள். அதன் பிரதியையும், இறுதிக்கால நோயாளிகளைப் பார்க்கும் ஹாஸ்பிஸின் கடிதத்தையும் சேர்த்தால் பெரிய பலம். பேசவே மனம் வராத விஷயம்தான், ஆனால் இந்த அனுமதி அதிகம் கிடைக்க வாய்ப்புள்ள சூழலும் இதுதான்.

டிஸ்சார்ஜ் சுருக்கம், ஒக்கியுபேஷனல் தெரபிஸ்டின் அறிக்கை, விழுந்த பதிவுகள் எல்லாம் ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கும். நோயாளியின் கையெழுத்தோடு கேட்டால் தர வேண்டும். சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் கிடைக்கும், கட்டணம் இல்லை. ஆறாம் மாதத்தில் கேட்டு அவதிப்படாமல், வந்த இரண்டாம் மாதமே கேளுங்கள்.

ஐந்தாம் படி: கவுன்சில், சோஷல் வேர்க்கர், 'நாங்கள் பார்த்துக்கொள்வோம்'

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டின் கேர் சட்டம் 9-ஆம் பிரிவின்படி, பராமரிப்புத் தேவை இருப்பதாகத் தெரிந்தால் கவுன்சில் அந்த நபரை மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். பராமரிக்கும் குடும்பத்தாரின் நிலையை மதிப்பிடுவது 10-ஆம் பிரிவு. வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் வேறு சட்டங்கள், ஆனால் கேட்க வேண்டியது அதேதான். இந்த மதிப்பீடு இல்லாமல் விண்ணப்பம் போட்டால், 'அரசு உதவியைக் கேட்டே பார்க்கவில்லையே' என்ற ஒரு வரியில் முடிந்துவிடும்.

மதிப்பீட்டு நாளன்று எங்கள் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். வீடு துடைத்து, தேத்தண்ணி போட்டு, அம்மாவை வெளுத்த சேலையில் உட்கார வைத்துவிடுவோம். சோஷல் வேர்க்கர் கேட்பார், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று. "பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவோம். அவர் எழுதிக்கொண்டு போவது: குடும்பம் எல்லாத் தேவைகளையும் பூர்த்தி செய்கிறது. அந்த ஒரு வாக்கியம் எங்கள் கோப்பில் இருந்தது. அதைத் திருத்த இரண்டு மாதம் எடுத்தது.

அன்றைக்கு அந்த ஏழு நாள் கொப்பியைக் கையில் கொடுங்கள். எந்த உதவியை யார், எப்போது வரை செய்கிறார் என்றும், பராமரிக்க வந்தவரின் விசா எந்தத் தேதியில் முடிகிறது என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். அறிக்கையின் பிரதியையும் பராமரிப்புத் திட்டத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பிழை இருந்தால் எழுத்தில் திருத்தம் கேளுங்கள். கவுன்சில் தாமதித்தால் மின்னஞ்சலில் நினைவூட்டுங்கள். பதில் வராத மின்னஞ்சல்களும் ஆதாரம்தான்: நீங்கள் மாற்று ஏற்பாட்டைத் தேடினீர்கள் என்பதற்கு.

வெளிப் பராமரிப்பாளரை நோயாளி ஏற்க மறுக்கிறார் என்றால், வாயால் சொன்னால் போதாது. முயன்று பார்க்க வேண்டும். டிமென்ஷியா உள்ளவர்கள் பின்னாளில் கற்ற ஆங்கிலத்தை இழந்து தாய்மொழிக்கே திரும்பிவிடுவது மருத்துவர்கள் அறிந்த விஷயம். தமிழ் பேசும் பராமரிப்பாளரைக் கவுன்சிலிடம் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது, வந்தவரை அம்மா எத்தனை தடவை திருப்பி அனுப்பினார், அது பராமரிப்புப் பதிவேட்டில் இருக்கிறதா? இவை இருந்தால் மொழி ஒரு வலுவான வாதம். இல்லாவிட்டால் 'பழகிக்கொள்வார்' என்று எழுதிவிடுவார்கள்.

கவனிக்க வேண்டிய ஒரு பொறி. கவுன்சில் சில சமயம் பராமரிப்புக்கான பணத்தை 'டைரக்ட் பேமென்ட்' ஆக நோயாளியின் கையில் தரும். அதிலிருந்து விசாவில் வந்த மகளுக்கு ஒரு பென்ஸ் கொடுத்தாலும் அவர் வேலை பார்த்ததாகிவிடும். அதே போல் பராமரிப்பவருக்கு அரசு தரும் கேரர்ஸ் அலவன்ஸ் 'பொது நிதி' என்ற கணக்கில் வருவது, விசாவில் வந்தவர் அதைக் கேட்கவே கூடாது. நோயாளி தன் பெயரில் வாங்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், பிப் ஆகிய உதவித்தொகைகள் நோயாளியின் உரிமை, அதில் சிக்கல் இல்லை. ஆனால் தனியாக வாழ்பவர் என்று 25 சதவீதக் கவுன்சில் வரிக் கழிவு வாங்குகிறவர் வீட்டில் மகள் மாதக்கணக்கில் நின்றால், கவுன்சிலுக்குச் சொல்லிவிட்டு அவர்கள் முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: விண்ணப்பம்

படிவத்தின் பெயர் எஃப்எல்ஆர் (எச்ஆர்ஓ). மனித உரிமைக் கோரிக்கைகள், விதிகளுக்கு வெளியேயான அனுமதி எல்லாம் அதில்தான். இணையத்தில் நிரப்பிப் பணம் கட்டும் நாள்தான் விண்ணப்ப நாள். கட்டணம் 2025 ஏப்ரல் நிலவரப்படி 1,321 பவுண்ஸ். அதன் மேல் சுகாதாரக் கட்டணம், 2024 பெப்ரவரி முதல் ஆண்டுக்கு 1,035 பவுண்ஸ் என்ற கணக்கில். எத்தனை மாதத்துக்குக் கேட்கிறது என்பதைப் பணம் கட்டும் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது.

இருக்கிற அனுமதி முடியும் நாளுக்கு முன் போட வேண்டும். அப்படிப் போட்டால், 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு, முடிவு வரும்வரை பழைய அனுமதியை அதே நிபந்தனைகளோடு நீட்டி வைக்கிறது. காத்திருக்கும் காலமெல்லாம் அவர் விசிட்டர்தான்: வேலை இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டணமும் மாறாது. அந்த இடைவெளியில் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வரலாம் என்று நினைத்தால், நாட்டை விட்டு வெளியேறியதுமே விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகிவிடும்.

முகப்புக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? எத்தனை மாதம் கேட்கிறீர்கள் என்ற எண், அந்த எண்ணுக்கு வைத்தியரின் கடிதத்தில் எந்த வரி ஆதாரம், மற்ற உறவினர் ஒவ்வொருவராலும் ஏன் முடியாது, கவுன்சிலால் எது முடியும் எது முடியாது, இந்த மாதங்களில் மாற்று ஏற்பாட்டுக்கு என்ன செய்வீர்கள், எந்தத் தேதியில் ஊர் திரும்புவீர்கள், அங்கே உங்களுக்காகக் காத்திருப்பது யார். பின்னால் ஆறு மாத வங்கிக் கணக்கு, தங்குமிடத்துக்கான ஆதாரம், வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதம், நோயாளியின் வதிவிட உரிமைக்கான சான்று. தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு. கைரேகை, புகைப்படம், ஆவணப் பதிவேற்றம் ஆகியவற்றுக்கு நேரம் குறித்து ஒரு நிலையத்துக்குப் போக வேண்டும், அதில் பெரிய சிரமம் இல்லை.

மனித உரிமை வாதத்தைச் சேர்ப்பதா இல்லையா என்பது சட்டத்தரணியோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு குடும்ப வாழ்வைக் காக்கிறது, ஆனால் வளர்ந்த பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே சாதாரண பாசத்துக்கு மேல் ஒரு சார்பு இருப்பதைக் காட்ட வேண்டும். இந்த அளவுகோலுக்கு நீதிமன்றங்களில் தினமும் சொல்லப்படும் பெயர் ஒரு தமிழ்ப் பெயர்: 2003-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த குகதாஸ் வழக்கு. இலங்கையைச் சேர்ந்த ஒருவர், ஜெர்மனியில் இருந்த தாயோடும் சகோதரங்களோடும் உள்ள உறவைக் காட்டி வாதாடித் தோற்றார். ஒரே வீட்டில் இருந்து, கையால் ஊட்டி, இரவில் தூக்கிப் பராமரிப்பவரின் நிலை அதைவிட எவ்வளவோ வலுவானது. உண்மையான, அர்ப்பணிப்புள்ள ஆதரவு என்று அந்தத் தீர்ப்பு தேடியது இதைத்தான். மனித உரிமைக் கோரிக்கை மறுக்கப்பட்டால் பொதுவாக மேன்முறையீட்டு உரிமை உண்டு என்பது இன்னொரு நன்மை.

ஆலோசனை கேட்பவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சட்டத்தரணி அல்லாதவர்கள் குடிவரவு ஆலோசனை சொல்லக் குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு வேண்டும். 2025 ஜனவரி வரை அதை ஓஐஎஸ்சி என்று அழைத்தார்கள். பதிவில்லாமல் காசு வாங்கி ஆலோசனை சொல்வது குற்றம். கடைத்தெருவில் பணம் அனுப்பும் கடையின் பின் அறையில் படிவம் நிரப்பித் தரும் அண்ணைமாருக்கும் இது பொருந்தும்.

ஏழாம் படி: முடிவு வந்த பின்

அனுமதி கிடைத்தால், தேதியைப் பாருங்கள். கேட்ட ஆறு மாதத்துக்கு மூன்று தந்திருக்கலாம். அந்த மாதங்களை மாற்று ஏற்பாட்டுக்குப் பயன்படுத்துங்கள்: கவுன்சிலிடம் மறு மதிப்பீடு, இரவுப் பராமரிப்பு, தேவைப்பட்டால் தேசிய சுகாதார சேவை முழுச் செலவையும் ஏற்கும் தொடர் பராமரிப்புக்கான மதிப்பீடு. மறுபடி நீட்டிப்புக் கேட்கும் நிலை வந்தால், முதல் தடவை வாக்களித்ததை முயன்றீர்களா என்றுதான் பார்ப்பார்கள். முயன்று தோற்ற கடிதங்கள் இருந்தால் பேசலாம்.

மறுத்தால் கடிதத்தின் கடைசிப் பக்கங்களை அன்றைக்கே படியுங்கள். மேன்முறையீட்டு உரிமை தந்திருந்தால், நாட்டுக்குள் இருந்து போட 14 நாள். தராவிட்டால் மிச்சம் இருப்பது ஜுடிஷியல் ரிவியூ. முடிவு தவறு என்பதல்ல, சட்டப்படி எடுக்கப்படவில்லை என்பதே அதன் கேள்வி. உடனடியாக, எப்படியும் 3 மாதத்துக்குள் போட வேண்டும், செலவும் அதிகம். நல்ல புது ஆதாரம் கையில் இருந்தால், அனுமதி முடிந்த 14 நாளுக்குள் சரியான காரணத்தோடு மீண்டும் விண்ணப்பிப்பதைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவது தாமதத்தைத் தட்டிக் கேட்க உதவும், மறுப்பை மாற்றுவது அபூர்வம்.

ஒளிந்து நிற்க வேண்டாம். அனுமதி முடிந்து 30 நாளுக்கு மேல் நின்றுவிட்டு, சொந்தச் செலவில் தானாகப் போனாலும், 12 மாதத்துக்கு விசா கிடைக்காது. அந்த 12 மாதத்துக்குள் அம்மாவுக்கு ஏதும் நடந்தால் வர முடியாது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அக்காவுக்கு இரண்டாவது தடவைதான் கிடைத்தது, நான்கு மாதம். போகிற அன்று ஹீத்ரோவில், ஊர் போய் இறங்கிய பிறகும் போர்டிங் பாஸை எறிந்துவிடாதே என்று அவளிடம் சொல்லி அனுப்பினேன். அடுத்த விசிட் விசா விண்ணப்பத்தில், சொன்ன தேதிக்கு முன்பே திரும்பியதற்குச் சான்றாக அதன் பிரதியைத்தான் முதல் பக்கத்தில் வைத்தோம்.